கேலிக்கும் கடமை உண்டு

உக்கடத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனுக்குப் பொழுது போகவில்லை என்ற குறை வராது. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகிறவர்கள் கூடும் அவ்விடத்தில் டீக்கடை பெஞ்சே நியாயஸ்தலம். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் முதல் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தி வரையில், அங்கே விசாரணைக்கு வராத விஷயம் இல்லை. தீர்ப்பு உடனே கிடைக்கும். அதுவும் 'ங்க' என்ற மரியாதையோடு கிடைக்கும். 'கோயமுத்தூர்க் குசும்பு' என்று தமிழ்நாடு முழுவதும் பேர் பெற்றது இதுதான்.

இந்தக் குசும்பு வெறும் பொழுதுபோக்குத்தானா? நையாண்டி செய்யும் பாட்டு உயர்ந்த கவிதையாகாது என்று சொல்லும் பண்டிதர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பதிலாக ஒரே ஒரு நூலை நாம் முன்வைக்கிறோம். அது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'.

அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டில், வேளாளர் குடும்பங்களில் தகப்பன் சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். காரணவன் கண்மூடினால், அவன் மனைவியும் மக்களும் சிறு பங்கோடு வீதியில் நிற்க வேண்டியதுதான். மனுக்கள் எழுதியாயிற்று; கூட்டங்கள் கூடியாயிற்று. ஆயினும் வழக்கம் என்ற கோட்டை எளிதில் அசையவில்லை.

அப்பொழுதுதான் கவிமணி சிரித்தார். ஸ்தல புராணத்துக்குரிய 'மான்மியம்' என்ற பெயரையும், படலம் படலமாகப் பகுக்கும் காவிய வேஷத்தையும் ஓர் அவலக் கதைக்கு அணிவித்தார். கதையைச் சொல்பவள் ஐந்து மனைவியரைக் கட்டிய ஒருவரின் ஐந்தாம் மனைவி. அவள் எதையும் வாதிக்கவில்லை. வீட்டில் நடந்ததைச் சொல்லிப் புலம்புகிறாள். வாசகன் முதலில் சிரிக்கிறான். பிறகு, தான் எதைக் கண்டு சிரித்தோம் என்று எண்ணித் தலை குனிகிறான். அதில் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று ஒன்று உண்டு. கறுப்பு அங்கி அணிந்து பிழைத்த நமக்கு, அந்தத் தலைப்பே ஒரு சவுக்கடி.

1917-18-ல் 'தமிழன்' பத்திரிகையில் அது தொடராக வெளிவந்தது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தது பாட்டு ஒன்றுதான் என்று நாம் சொல்லமாட்டோம், பலர் பாடுபட்டார்கள். ஆனால் மனுவைப் படிப்பவர் சிலர். பாட்டைக் கேட்டுச் சிரிப்பவர் பலர். வெட்கப்படாத ஜனங்களைச் சட்டம் திருத்துவது கடினம். அந்த வெட்கத்தை ஊட்டியது பாட்டு.

கவிமணி கேலி செய்தது தம் சொந்தச் சமூகத்தை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அயலானைப் பழிப்பதற்குத் துணிவு வேண்டியதில்லை. தன் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்து, 'நீர் செய்வது சரியா?' என்று சிரித்தபடி கேட்பதற்கே துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு பின்னரும் வற்றவில்லை. 1971-ல் கோவையில் எழுந்த வானம்பாடி இயக்கத்தோடு உறவு கொண்டிருந்த கவிஞர் மீரா, 1974-ல் 'ஊசிகள்' என்ற தொகுதியை அளித்தார். அரசியல்வாதியின் ஆடம்பரமும் சமூகத்தின் போலித்தனமும் அதில் குத்துப்பட்டன. சென்னிமலையில் பிறந்த ஈரோடு தமிழன்பனோ, ஆங்கில லிமரிக்கின் குறும்பையும் ஜப்பானிய ஹைக்கூவின் மூன்றடியையும் கூட்டி 'லிமரைக்கூ' என்று பெயரிட்டார். அவருடைய 'சென்னிமலைக் கிளியோபாத்ராக்கள்' 2002-ல் வெளிவந்தது. கொங்கு மண்ணின் குசும்பு அச்சேறியதற்கு இது ஒரு சான்று.

இன்று கேலிக்குப் பஞ்சமில்லை. கைக்குள் அடங்கும் கருவியில் நாழிகைக்கு நூறு பரிகாசங்கள் வந்து விழுகின்றன. அவற்றில் பல, கறுத்த நிறத்தையும், பருத்த உடலையும், ஏழையின் பேச்சையும் குறிவைக்கின்றன. இவை கல்லெறிதலேயன்றி நையாண்டி அல்ல. மறுபுறம், பதவியில் இருப்பவரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டால், மானம் போயிற்று என்று கோர்ட்டுப் படியேறுகிறார்கள். எளியவனைச் சிரிக்கலாம், வலியவனைச் சிரிக்கக்கூடாது என்ற நிலை ஜனநாயகத்துக்கு அழகன்று.

கவிஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் ஊசி மேல்நோக்கிக் குத்தட்டும். முதல் குத்து உங்கள் விரலிலேயே படட்டும். தன்னைக் கண்டு சிரிக்கத் தெரிந்த சமூகம் திருந்தாமல் போனதில்லை.