அபிகேலும் சேலத்துப் பெரியோரும்



ஓர் இளம்பெண் கூறிய பொய்யினால் ஊர் முழுவதும் வெறிகொண்டு, குற்றமற்றோரைத் தூக்கு மரத்துக்கு அனுப்பக்கூடுமா? அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லரின் 'தி குறூசிபிள்' என்னும் நாடகத்தைப் படிப்போர் பலரும் கூடும் என்றே விடை பகர்வர். பழி முழுவதையும் அபிகேல் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணின் தலையிற் சுமத்திவிட்டு நூலை மூடிவிடுவர். அத்துணை எளிதாக அவ்வழக்கைத் தீர்த்துவிடலாகாது என்பது என் கருத்து.

பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மூசையின் பெயரைத் தாங்கிய இந்நாடகம் 1953ஆம் ஆண்டு நியூயோர்க்கில் முதன்முதல் மேடையேறியது. கதை நிகழுமிடம் சேலம். தமிழகத்துச் சேலமன்று, வட அமெரிக்காவின் மசசூசெற்ஸ் குடியேற்றத்திலிருந்த சேலம். 1692ஆம் ஆண்டில் அங்கே சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். முதியவர் ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றனர். வரலாற்று அபிகேல் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளை வளர்ந்த பெண்ணாக்கி, ஜோன் புறொக்டர் என்னும் மணமான உழவன்மீது காதல்கொள்ளச் செய்தவர் மில்லரே.

நாடகத்தின் முதல் அங்கத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். புறொக்டரின் மனைவி மாளவேண்டுமென்று இரவிற் காட்டிலே இரத்தம் பருகியவள் அபிகேல். தோழியரை அச்சுறுத்தி வாயடைத்தவளும், அகப்பட்டதும் பழியை அடிமைப்பெண் ரிற்றியூபாவின்மேற் போட்டவளும் அவளே. ஆயின் அடுத்து நிகழ்வது யாது? சாட்டையடிக்கும் தூக்குக்கும் அஞ்சி நடுங்கும் ரிற்றியூபாவிடம், பிசாசோடு இன்னாரைக் கண்டாயோ என்று ஊர்ப் பெண்களின் பெயரை எடுத்துக்கொடுப்பவர் புட்னம் என்னும் நிலக்காரர். அவள் அப்பெயர்களையே திருப்பிச் சொல்கிறாள். தப்பும் வழி இதுவென்று கண்ட அபிகேல், அதன் பின்னரே தானும் பெயர்களைக் கூவத் தொடங்குகிறாள்.

நெடுங்கால ஆசிரியத் தொழிலில் நான் கண்டதொன்றை இங்கே சொல்லலாம். வகுப்பறையின் யன்னற் கண்ணாடியை உடைத்தவன் எவன் என்று பிரம்போடு கேட்பவருக்கு ஒரு பெயர் தப்பாமற் கிடைக்கும். அது பெரும்பாலும் ஆதரவற்ற பிள்ளையின் பெயராகவே இருக்கும்.

சேலத்து நீதிமன்றமோ, குற்றத்தை ஒப்புக்கொண்டவரை உயிரோடு விட்டது, மறுத்தவரைத் தூக்கிலிட்டது. இத்தகைய மன்றத்திற் பொய்க்கே வாழ்வுண்டு. ஏறத்தாழ நானூறு பேர் சிறையிலிருப்பதையும், தம் கையொப்பத்தினால் எழுபத்திரண்டு பேர் மரணதண்டனை பெற்றதையும் நீதிபதி டன்போத் பெருமிதத்தோடு கூறுகிறார்.

இதனால் அபிகேலை நான் விடுவிக்கவில்லை. மூன்றாம் அங்கத்தில் மேரி வாரன் மன்றிலே உண்மையைச் சொல்லத் துணிகிறாள். அன்று அபிகேல் வாய்திறந்து ஒப்புக்கொண்டிருப்பின் பல உயிர்கள் பிழைத்திருக்கும். அவளோ கூரையில் மஞ்சட் பறவையொன்று அமர்ந்திருப்பதாக அலறி, அந்த ஏழைப் பணிப்பெண்ணின் உறுதியைக் குலைத்துவிடுகிறாள். முதற் பொய் அச்சத்திற் பிறந்ததென்று இரங்கலாம்; இதற்கு அவளே முழுப் பொறுப்பாளி.

எனினும், நாலாம் அங்கத்தில் அவள் மேடையிலேயே இல்லை. மாமனான பாதிரியாரின் 31 பவுணைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். அச்செய்தி டன்போத்தின் காதுக்கும் எட்டுகிறது. தண்டனையைச் சிறிது தள்ளிவையுங்கள் என்று மன்றாடுகின்றனர். அவர் இணங்கவில்லை. பன்னிருவரை ஏலவே தூக்கிலிட்டாயிற்று. இனி எஞ்சியோருக்கு இரங்கினால், மாண்டவரின் குற்றத்திலும் ஊரார் ஐயங்கொள்வர் என்கிறார். அன்று விடியற்காலை முரசொலிக்கப் புறொக்டரைக் கொண்டுசெல்கின்றனர்.