ஊஞ்சல் வாங்கப் போறீங்களா? தேக்கு, பித்தளை, ஸ்டீல், பிரம்பு... உங்க வீட்டுக்கு எது சரி?

புது வீடு கட்டி முடிச்சதும் பலருக்கும் வரும் முதல் ஆசைகளில் ஒன்று, ஹாலிலோ வராண்டாவிலோ ஒரு ஊஞ்சல். கல்யாண வீட்டில் மாலை மாற்றியதும் பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைப்பது ஊஞ்சலில்தான். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் பொற்றாமரைக் குளக்கரையில் ஊஞ்சல் மண்டபமே இருக்கு. அந்த அளவுக்கு நமக்குப் பழகிய பொருள்.

ஆனா கடைக்குப் போனால் தலை சுத்தும். தேக்குப் பலகை, ரப்பர் மரம், பித்தளைச் சங்கிலி, ஸ்டீல் கம்பி, முட்டை வடிவக் கூடை என வரிசையாகத் தொங்கும். அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டு மழைக்காலம் கழித்து துருவையும் கரையானையும் பார்த்துப் புலம்புகிறவர்கள் நிறைய. எந்தப் பொருள் எங்கே பொருந்தும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: எங்கே மாட்டப் போறீங்க?

பொருளைத் தேர்வு செய்வதற்கு முன், இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஹாலுக்குள் என்றால் வெயிலும் மழையும் படாது; மரம், பித்தளை எதுவானாலும் தாங்கும். வராண்டா என்றால் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும். மொட்டை மாடி என்றால் சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்ளும். கடலோர ஊர் என்றால் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்கணும்.

இட அளவும் முக்கியம். 8 அடி நீளச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல், 30 டிகிரி கோணத்துக்கு ஆடினாலே முன்னும் பின்னும் தலா 4 அடி போகும். அதனால் 4 அடி அகல பால்கனியில் பலகை ஊஞ்சல் சரிப்படாது. அதைவிட ஆபத்து, கைப்பிடிச் சுவரை ஒட்டி மாட்டுவது. ஊஞ்சல் மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு அந்தச் சுவர் முழங்கால் உயரம்தான் இருக்கும்.

மரம்: 'வைரம் பாய்ந்த கட்டை'யைக் கேளுங்க

பலகை ஊஞ்சலுக்கு இன்றும் முதலிடம் தேக்குக்குத்தான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஈரத்தைத் தாங்கும், கரையானும் எளிதில் அண்டாது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு இன்னும் உறுதியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் தேக்கு என்று சொல்லி விற்கும் எல்லாமே ஒன்றல்ல. மரத்தின் நடுவில் இருக்கும் கருத்த பகுதிதான் வைரம். வெளிப்பகுதி வெளிறிப்போய் இருக்கும். அந்த வெளிறிய கட்டைக்குக் கரையானை எதிர்க்கும் சக்தி கிடையாது. பலகையின் ஓரத்தில் வெள்ளையாகப் பட்டை தெரிந்தால், பாலீஷ் போடுவதற்கு முன்பே கேள்வி கேட்டுவிடுங்கள். பாலீஷ் போட்ட பிறகு நிறம் தெரியாது.

பலா மரமும் நல்ல தேர்வு. தஞ்சாவூர் வீணை செய்வது பலாவில்தான். உறுதியானது, கரையானையும் ஓரளவு எதிர்க்கும். ரப்பர் மரம் விலை குறைவு, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். வீட்டுக்குள் சரி, வராண்டாவில் சாரல் பட்டால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். மாமரமும் அப்படித்தான்.

பலகை எவ்வளவு கனம் இருக்கணும்? இரண்டு பேர் உட்காரும் 5 அடி நீளம், 2 அடி அகலப் பலகைக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் கனம் இருந்தால் நல்லது. அடியில் குறுக்காக இரண்டு சட்டம் அடித்திருந்தால் பலகை வளையாது. 2 அங்குலத் தேக்குப் பலகை என்றால் அது மட்டுமே சுமார் 30 கிலோ எடை வரும். இந்த எடையை மறந்துவிடாதீங்க, கடைசியில் தேவைப்படும்.

சங்கிலி: காந்தம் சொல்லும் உண்மை, சொல்லாத உண்மை

பித்தளைச் சங்கிலி பார்க்க அழகு. யானை, கிளி, மயில் உருவங்கள் கோத்து வரும். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் என்பதால் இரும்பு போலத் துருப்பிடிக்காது. ஆனால் கருக்கும், பச்சை பூக்கும். புளி போட்டுத் தேய்க்க ஆள் இருக்கணும். வாங்கும்போது ஒரு சின்ன காந்தத்தை எடுத்துப் போங்க. சங்கிலியில் காந்தம் ஒட்டினால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. இன்னொன்று, அலங்கார உருவங்கள் வார்ப்பில் செய்யப்படுபவை. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். எடையைத் தாங்குவது அந்த உருவமா, இல்லை அதற்குள் ஓடும் கம்பியா என்று கேட்டு வாங்குங்க.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இதே காந்தச் சோதனை உதவாது. 'காந்தம் ஒட்டலை, அப்போ நல்ல ஸ்டீல்' என்பது பரவலான நம்பிக்கை. சந்தையில் 202, 304, 316 என மூன்று ரகங்கள் உண்டு. மூன்றிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது. வித்தியாசம் உள்ளே இருக்கும் கலவையில். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை குறையும், துருவை எதிர்க்கும் சக்தியும் குறையும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேரும், உப்புக் காற்றைத் தாங்குவது இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், வீட்டுக்குள் 202 போதும், வராண்டாவுக்கு 304, கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு 316. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்க.

பெயின்ட் அடித்த இரும்புச் சங்கிலி மலிவு, வலுவும் உண்டு. ஆனால் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் முதலில் பெயின்ட் போகும், துருவும் அங்கேதான் தொடங்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ சங்கிலி அதைவிடச் சில வருஷம் கூடுதலாகத் தாங்கும்.

பிரம்பு, கயிறு, கூடை ஊஞ்சல்

அபார்ட்மென்ட் வீடுகளில் இப்போது ஸ்டாண்டோடு வரும் கூடை ஊஞ்சல்தான் அதிகம். இதில் இரண்டு வகை. அசல் பிரம்பு என்பது கொடி போல வளரும் ஒரு தாவரம். நிழலில் பல வருஷம் வரும். வெயிலில் வெடிக்கும், மழையில் பூஞ்சை பிடிக்கும். மற்றொன்று பிரம்பு போலவே தெரியும் பிளாஸ்டிக் பின்னல். மழை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பின்னலுக்குள் இருக்கும் சட்டம் பெரும்பாலும் இரும்பு. பின்னல் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இரும்பு துருப்பிடித்திருக்கலாம். வெல்டிங் வைத்த இடங்களை வருஷம் ஒருமுறை பார்க்கணும்.

கயிறு ஊஞ்சல் என்றால், பருத்தியும் சணலும் வீட்டுக்குள் மட்டும்தான். நனைந்து நனைந்து காய்ந்தால் உள்ளிருந்தே இற்றுப்போகும். நைலான் வலுவானது, ஆனால் நாள்பட்ட வெயிலில் பலம் இழக்கும், இழுபடவும் செய்யும். வெளியில் மாட்ட பாலியஸ்டர் கயிறு மேல்.

எல்லாவற்றையும் தாங்குவது கொக்கி

ஊஞ்சலுக்கு 'ஊசல்' என்றும் ஒரு பெயர். பள்ளிக்கூட இயற்பியலில் படித்த 'தனி ஊசல்' அதேதான். ஊஞ்சல் ஆடும்போது கொக்கிக்கு வரும் இழுவிசை, நிற்கும்போது வருவதைவிட அதிகம். இரண்டு பேர் 140 கிலோ, பலகை 30, சங்கிலி 10 என்றால் மொத்தம் 180 கிலோ. 45 டிகிரிக்கு வீசி ஆடினால், கீழே வரும் அந்த நொடியில் இழுவிசை சுமார் 285 கிலோவுக்குச் சமம். 60 டிகிரி என்றால் இரண்டு மடங்கு, அதாவது 360 கிலோ. பசங்க குதித்து ஏறினால் இன்னும் கூடும்.

அதனால் பலகை நல்லதா என்பதோடு, அதைத் தாங்கும் கூரை நல்லதா என்றும் பார்க்க வேண்டும். வீடு கட்டும்போதே ஊஞ்சல் வேண்டும் என்று முடிவு செய்தால், கான்கிரீட் போடும் முன் கொக்கியை உள்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். அதுதான் சிறந்த வழி. கட்டி முடித்த வீட்டில் துளை போட்டு ஆங்கர் போல்ட் பொருத்துவார்கள். அதைப் பீமிலா, தளத்திலா, எவ்வளவு ஆழத்தில் என்று பொறியாளரிடம் கேட்ட பிறகே செய்யணும். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால், உத்தரத்தில் செல்லரிப்பு இருக்கா என்று தட்டிப் பார்த்த பிறகுதான் மற்றது. அபார்ட்மென்ட் பால்கனியில் உங்கள் கூரைதான் மாடி வீட்டுக்காரரின் தரை. சங்கத்திடம் கேட்காமல் துளை போடாதீங்க.

கொக்கி வாங்கும்போது ஒரு எளிய வழி: ஒன்று மட்டுமே மொத்த எடையையும் தாங்கும் அளவுக்கு வலுவானதாக வாங்கினால், மற்றவை கைவிட்டாலும் விபத்து தவிரும்.

மாட்டிய பிறகு?

ஆடும்போது 'கீச் கீச்' சத்தம் வந்தால், உலோகம் உலோகத்தை உரசுகிறது என்று அர்த்தம். எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், ஆனால் தேய்ந்தது திரும்ப வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, கொக்கியும் முதல் கண்ணியும் சேரும் இடத்தைப் பாருங்க. கம்பியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். கொக்கியைச் சுற்றி சிமெண்டில் விரிசல் தெரிந்தால், பொறியாளர் வந்து பார்க்கும்வரை பலகையைக் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு.