கணினி நச்சுநிரல் ஆக்குவோருக்குரிய தண்டனை: இந்தியச் சட்டமும் ஒத்த தண்டனை நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி நச்சுநிரலை (வைரஸ்) எழுதுவோருக்கும் பரப்புவோருக்கும் எத்தகைய தண்டனை பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் நச்சுநிரலை எழுதுவதைத் தனிக்குற்றமாகக் கொள்ளாமல், பிறர் கணினியில் புகுத்துவதையே குற்றமாகக் கொள்கிறது. இந்நிலை காக்கத்தக்கது என்பதும், தண்டனையின் வகைகளில்தான் திருத்தம் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நச்சுநிரல், தகவல் தொழில்நுட்பச் சட்டம், நோக்கம், இழப்பீடு, சமூகப் பணி.

முன்னுரை

தாம்பரத்திற்குத் தெற்கே பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் பொறியியல் பயிலும் மாணவர்களுள் கணினியியல் கற்போர் பலர். இணையப் பாதுகாப்புக் கல்வியில் நச்சுநிரலைப் பகுத்தறிவதும், வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த கணினியில் அதனை இயக்கிப் பார்ப்பதும் பயிற்சியின் பகுதிகளாகும். ஆய்வகத்திற்குள் பாடமாக இருக்கும் அதே நிரல், இசைவின்றிப் பிறர் கணினியை அடையும்போது குற்றக் கருவியாகிறது. ஆகவே தண்டனை பற்றிய வினா நீதிமன்றத்திற்கு மட்டுமன்றி வகுப்பறைக்கும் உரியதாகும்.

தண்டனைக்குரிய அளவுகோல்

திருக்குறளின் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்து முதற்குறள், ஆட்சியாளர் தண்டிக்கும் முறையை மூன்று கூறுகளாக வகுக்கிறது. குற்றத்தைத் தக்கவாறு ஆராய்தல், அது மீண்டும் நிகழாதவாறு செய்தல், குற்றத்தின் அளவுக்கு ஒத்த தண்டனை அளித்தல் என்பன அவை. இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இல் வெளியிட்ட தம் நூலில், தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதிட்டார். இவ்விரு கருத்துகளும் இக்கட்டுரைக்கு அளவுகோல்களாகின்றன.

இந்தியச் சட்டத்தின் நிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஜூன் 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அதே ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் இசைவின்றிக் கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவதோ, புகுத்தச் செய்வதோ பிரிவு 43(சி)-இன்கீழ் இழப்பீட்டுக்குரிய செயலாகும். தொடக்கத்தில் இழப்பீட்டின் உச்ச வரம்பு ஒரு கோடி ரூபாயாக இருந்தது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்வரம்பை நீக்கியது. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளைச் சட்டத்தின்கீழ் அமர்த்தப்பெறும் தீர்ப்பளிப்பு அலுவலர் விசாரிப்பார்.

இச்செயல் நேர்மையற்ற நோக்குடனோ மோசடி நோக்குடனோ செய்யப்பட்டால், பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்குடனோ மக்களை அச்சுறுத்தும் நோக்குடனோ இது நிகழ்ந்து, உயிரிழப்பு, இன்றியமையாச் சேவைகளின் தடை போன்ற விளைவுகளுக்கு வழிவகுத்தால், பிரிவு 66எஃப் வாழ்நாள் சிறை வரை தண்டிக்க இடந்தருகிறது.

இவ்வமைப்பில் இரு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, நிரலை எழுதுதல் என்னும் செயல் பிரிவு 43(சி)-இல் இடம்பெறவில்லை. புகுத்துதலே அதன் அடிப்படை. இரண்டாவது, பிரிவு 66-இன் மூன்றாண்டுக்கும் 66எஃப்-இன் வாழ்நாள் சிறைக்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது. பணம் பறிக்கும் நோக்குடன் ஒரு மருத்துவமனையின் கணினிகளை முடக்குபவரும், ஒரே ஒரு கணினியைக் கெடுப்பவரும் பிரிவு 66-இல் ஒரே உச்ச வரம்புக்குள் அடங்குகின்றனர். பணப்பறிப்புக்குப் பொதுக் குற்றவியல் சட்டம் தனியே தண்டனை தருகிறது. எனினும் நச்சுநிரலால் விளைந்த கேட்டின் அளவுக்கேற்ற படிநிலை இச்சட்டத்தில் இல்லை.

எழுதுதலும் புகுத்துதலும்

எழுதுவதையே குற்றமாக்கிய நாடுகள் உள்ளன. பிரித்தானியா 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தன் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் பிரிவு 3ஏ-ஐச் சேர்த்தது. குற்றத்திற்குப் பயன்படுத்தும் நோக்குடன் நிரலை ஆக்குவதும் வழங்குவதும் அப்பிரிவில் குற்றங்களாயின. ஜப்பான் 2011இல் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, தக்க காரணமின்றி நச்சுநிரலை ஆக்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது.

இத்தகைய சட்டத்தின் இடரை ஜப்பானிய வழக்கொன்றே காட்டுகிறது. இணையதளம் ஒன்றை நடத்திய ஒருவர், பார்வையாளரின் கணினித் திறனைக் கொண்டு மெய்நிகர் நாணயம் ஈட்டும் ‘காயின்ஹைவ்’ நிரலைத் தம் தளத்தில் வைத்திருந்தார். மாவட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று மீண்டும் விடுவித்தது. எது நச்சுநிரல் என்பதில் நீதிமன்றங்களே வேறுபடும் நிலையில், வெறும் ஆக்கத்தைக் குற்றமாக்குவது ஆய்வாளரையும் மாணவரையும் அச்சத்தில் ஆழ்த்தும். தீய நோக்கை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் பிரித்தானிய வரையறை இவ்விடரைக் குறைக்கிறது.

பிற நாட்டுத் தீர்ப்புகள்

கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் 1988 நவம்பர் 2 அன்று ஏவிய புழுநிரல், அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் ஆகியவை விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பேராசிரியரானார். ‘மெலிஸா’ நச்சுநிரலை 1999இல் பரப்பிய டேவிட் ஸ்மித், 2002இல் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ‘சாஸர்’ புழுநிரலைப் பதினேழு வயதில் எழுதிய ஜெர்மானிய இளைஞருக்கு 2005இல் 21 மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் 30 மணி நேரச் சமூகப் பணியும் வழங்கப்பட்டன.

இவற்றுக்கு மாறானது ‘ஐ லவ் யூ’ வழக்கு. 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய அந்நிரலின் தொடர்பில் மணிலாவைச் சேர்ந்த கணினி மாணவர் ஒருவர் குற்றஞ்சாட்டப்பட்டார். அச்செயலைத் தண்டிக்கும் சட்டம் அப்போது பிலிப்பைன்ஸில் இல்லாமையால் வழக்குக் கைவிடப்பட்டது. அந்நாடு ஜூன் மாதத்தில் சட்டம் இயற்றிய போதிலும், முன்னர் நிகழ்ந்த செயலுக்கு அது பொருந்தவில்லை. இந்திய அரசமைப்பின் உறுப்பு 20(1) வலியுறுத்தும் நெறியும் இதுவே. காலத்தாழ்வாக வரும் சட்டம், எவ்வளவு கடுமையானதாயினும், முன்பு பாதிக்கப்பட்டோருக்குத் துணையாகாது.

கூடங்குளம் உணர்த்துவது

தமிழகத்திற்கு நெருக்கமான சான்று கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சார்ந்தது. அங்கு நச்சுநிரல் நுழைந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியபோது, நிலையத்தின் சார்பில் முதலில் மறுப்பு வெளியிடப்பட்டது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு அதனைத் தெரிவித்திருந்தது. பாதிப்பு நிருவாகப் பணிக்கான வலையமைப்பைச் சார்ந்ததென்றும், அணு உலை இயக்க அமைப்புகள் அதனின்று பிரிக்கப்பட்டவை என்றும் கழகம் விளக்கியது.

இத்தகைய நிகழ்வுக்கென்றே 66எஃப் போன்ற கடும் பிரிவு உள்ளது. இந்தியக் கணினியைத் தாக்கும் வெளிநாட்டவருக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று பிரிவு 75 கூறுகிறது. ஆயினும் நிரலை எழுதியவர் யார் எனக் கண்டறிந்து, அவர் வாழும் நாட்டிலிருந்து வரவழைத்தால்தான் அப்பிரிவுகள் செயற்படும். கண்டுபிடிக்கப்பட மாட்டோம் என்று நம்புபவரை வாழ்நாள் சிறை என்னும் சொல் அச்சுறுத்துவதில்லை. தண்டனையை உயர்த்துவதற்கு முன் புலனாய்வுத் திறனும் நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பும் உயர வேண்டும் என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

பொருத்தமான தண்டனைக்குரிய கூறுகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு கூறுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தீய நோக்கின்றி நிரலை எழுதுவது குற்றமாகாது என்பதைச் சட்டம் வெளிப்படையாகவே கூற வேண்டும். எழுதி விற்பவர் வாங்குபவரின் தீய நோக்கை அறிந்திருந்தால், அவரும் தண்டனைக்குரியவராதல் வேண்டும்.

இரண்டாவதாக, பிரிவு 66-க்கும் 66எஃப்-க்கும் இடையே ஒரு படிநிலை தேவை. மருத்துவமனை, மின்வழங்கல், வங்கி ஆகியவற்றை ஆதாயத்திற்காக முடக்குவது அவ்விடைப்படியில் அமையலாம்.

மூன்றாவதாக, இழப்பீடு தண்டனையின் துணைப்பகுதியாக அன்றி மையமாக அமைய வேண்டும். குற்றவாளி சிறை சென்றாலும், கோப்புகளை இழந்த சிறுவணிகருக்கு அதனால் எதுவும் மீள்வதில்லை.

நான்காவதாக, முதன்முறை தவறிய இளையோருக்குச் சமூகப் பணி பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூகப் பணியைத் தண்டனை வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. ஆனால் சில சிறு குற்றங்களுக்கே அது விதிக்கப்படுகிறது. அதனைப் பிரிவு 66-இன் எளிய வழக்குகளுக்கும் நீட்டிக்கலாம். ‘வான்னகிரை’ பரவலை 2017 மே மாதத்தில் தடுத்த மார்கஸ் ஹட்சின்ஸ், முன்னர் எழுதிய ‘குரோனோஸ்’ வங்கித் தீநிரலுக்காக அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டார். ஆனால் 2019இல் நீதிபதி அவருக்கு மேலும் சிறை விதிக்காமல், ஓராண்டுக் கண்காணிப்புடன் விடுவித்தார். கெடுக்கும் திறனே காக்கும் திறனாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

நச்சுநிரலுக்குரிய தண்டனையை நிரலின் தன்மை மட்டும் முடிவு செய்ய இயலாது. எழுதியவரின் நோக்கம், அதனைப் பிறரிடம் செலுத்திய செயல், விளைந்த கேடு ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே அது முடிவாக வேண்டும். இம்மூன்றையும் பிரித்தறியும் சட்டம், ஆய்வகத்தில் கற்கும் மாணவருக்கு அச்சமின்மையையும் பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டையும் ஒருங்கே தரும். உச்ச வரம்பை மட்டும் உயர்த்தும் சட்டம் இவ்விரண்டையும் தராது.