இலேசான துப்பாக்கி ஏன் அதிகம் உதைக்கிறது?

செம்பனைத் தோட்டம் உள்ளவர்களுக்குக் காட்டுப்பன்றியின் சேட்டை தெரியும். இளங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். அதைச் சுட முதன்முதலாக வேட்டைத் துப்பாக்கி பிடிக்கப்போகும் இளைஞருக்கு எது ஏற்றது? 'சின்னப் பையன், இலேசானதாகக் கொடுங்கள்' என்பார்கள் பெரியவர்கள். தவறு அங்கேதான்.

ரவைகள் முன்னால் பாயும்போது அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. 28 கிராம் ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 3.2 கிலோ துப்பாக்கி நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் தோளில் மோதும். துப்பாக்கி 2.5 கிலோ என்றால் வேகம் 4.5, மோதும் ஆற்றல் சுமார் 20 ஜூலிலிருந்து 25 ஆகிறது. வெடிமருந்து வாயுவின் உதை இதற்கு மேல். ஒல்லித் தோள் இரண்டு முறை அடிபட்டால், மூன்றாவது முறை விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். பிறகு குறி எங்கே?

எடையைக் குறைக்காதீர்கள், தோட்டாவைக் குறையுங்கள். அதே 3.2 கிலோவில் 24 கிராம் ரவை என்றால் ஆற்றல் 14 ஜூல்தான். 20 போர் துப்பாக்கிக்கு இந்த அளவுத் தோட்டா சாதாரணமாகக் கிடைக்கும். வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கி வகை, உதையைச் சற்று நீட்டிப் பரப்புவதால் இன்னும் மென்மை.

தோளில் வைக்கும் கட்டையின் நீளமும் முக்கியம். நீளமாக இருந்தால் கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும், அங்கேதான் கன்றிப்போகும்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். கடைக்குப் போகும் முன் காவல் நிலையத்துக்குப் போங்கள்.