இன்பமாய் ஓட ஓர் அரை மரதன்

சென்ற தவணையின் இறுதி நாட்களில் ஒருநாள், பாடம் முடிந்து வகுப்பை விட்டு வெளியேறும் வேளையில், மாணவன் ஒருவன் என்னருகே வந்து, "சேர், அரை மரதன் ஓட விரும்புகிறேன். எந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தால் நல்லது?" என்று கேட்டான். இலக்கணத்தில் ஐயம் கேட்டிருந்தால் உடனே விடை பகர்ந்திருப்பேன். இதற்கோ, "நாளை சொல்கிறேன், தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது சிறிய கேள்வியன்று. அதற்குரிய விடையை நான் என் உடம்பை வருத்தியே கற்றிருந்தேன்.

மரதன் என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவாயினும், பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியாயினும், மரதன் ஓட்டம் இல்லையேல் அது நிறைவு பெறுவதில்லை. ஆயினும் அதன் தூரம் எவ்வளவு என்று கேட்பார் இல்லை. கோயிற் சந்தியில் தொடங்கி அயலூரைச் சுற்றி வந்தால் அது மரதன். வழியெங்கும் வாளிகளில் தண்ணீர். மதில்களின் மேல் சிறுவர்கள். முடிவிலே வென்றவனுக்கு மாலை. தூரம் தெரியாமலே இன்பம் தெரிந்த ஓட்டம் அது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பர் பெரியோர். வீதியில் ஓடினாலும் அளந்து ஓட வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே பரவியது அண்மையிலேதான்.

பாதியின் பெருமை

1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவில் மரதன் ஓட்டத்தின் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கிரேக்க நாட்டவரான ஸ்பைரிடன் லூயிஸ் அதில் வெற்றி பெற்றார். 1908இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவின்போது விண்ட்சர் கோட்டையருகே ஓட்டத்தைத் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினரின் ஆசனங்களுக்கு முன்னால் முடித்தனர். அதனால் அமைந்த 42.195 கிலோமீற்றர் என்னும் அளவே 1921இல் உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீற்றர், அரை மரதன் ஆகும்.

பாதி என்றமையால் அதனைக் குறைவாக எண்ணுதல் தவறு. முழு மரதன் ஓடுவோர் பலர் 30 கிலோமீற்றரளவில் திடீரெனத் தளர்ந்துவிடுகின்றனர். தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாச்சத்துத் தீர்ந்துபோவதே அதற்குக் காரணம். அரை மரதனோ அச்சேமிப்புக்குள் அடங்கிவிடுவது. கல்லூரிக்கும் காரியாலயத்துக்கும் சென்று வருபவர், நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று நான்கு மாதங்கள் முறையாகப் பயின்றால் அதனை ஓடி முடிக்கலாம். ஓடிய மறுநாட் காலையில் வகுப்பறையில் நின்று பாடமும் நடாத்தலாம். எனவேதான் இல்லறத்தாருக்கு உகந்த தூரம் இது என்பேன்.

1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபால் நியூகாசில் நகரில் பெரு வடக்கு ஓட்டம் என்னும் அரை மரதன் தொடங்கியது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற பிரெண்டன் ஃபொஸ்டர், நியூசிலாந்தின் ஓக்லந்து நகரில் பொதுமக்கள் திரளாய் ஓடியதைக் கண்டு வந்து, தம் ஊரிலும் அத்தகையதொன்றை ஏற்படுத்தினார். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 12,000 பேர் ஓடினர். 2014இல் அவ்வோட்டத்தை முடித்தோரின் மொத்தத் தொகை பத்து இலட்சத்தைத் தொட்டது. வென்றவரின் பெயரை அறியாதோரும் ஆண்டுதோறும் அங்கு ஓட வருகின்றனர். ஓட்டம் என்பது முதலாவதாக வருபவனுக்கு மட்டும் உரியதன்று என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று.

பெயரைப் பார்த்து ஏமாந்த கதை

என் தந்தையார் 52ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். என் நாற்பத்தோராம் வயதில், இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்த வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மாஸ்டர், தந்தையாரின் வழியிலேயே போக நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். அன்று மாலையே நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. ஓராண்டு கழித்து அரை மரதன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன்.

எதனைப் பார்த்துத் தெரிவு செய்தேன்? அதன் விளம்பரத்தைப் பார்த்து. பதக்கம் பெரிது, மேலங்கி அழகிது, பெயர் ஊரறிந்தது. எத்தனை மணிக்குத் தொடங்கும், பாதையில் நிழல் உண்டா, தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும் என்று ஒரு வார்த்தை விசாரித்தேன் அல்லேன். தொடக்கமே தாமதமாயிற்று. நான் பதினைந்தாவது கிலோமீற்றரை அடைந்தபோது வெயில் உச்சியைச் சுட்டது. தண்ணீர் வைத்திருந்த மேசையில் வெறும் போத்தல்களே கிடந்தன. சிறிது தூரத்தில் கண் இருண்டு, ஒரு வீட்டு வாசற்படியில் அமர்ந்துவிட்டேன். அவ்வீட்டு மூதாட்டி, முன்பின் அறியாதவர், சிங்களப் பெண்மணி, தேசிக்காய் பிழிந்து உப்பிட்ட நீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை தலையிற் கைவைத்தபடி நின்றார். அன்று எனக்கு அளித்த பதக்கம் எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. அச்செம்பு இன்றும் கண்ணில் நிற்கிறது.

வீடு திரும்பியதும் என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "உயிர் தப்புவதற்காக ஓடத் தொடங்கினீர்கள்; ஓடி உயிரை விடவா போகிறீர்கள்?" அக்கேள்விக்கு மறுமொழியில்லாமல் இருந்தபோதுதான், ஓட்டத்தைத் தெரிவு செய்வதும் ஓட்டத்தின் ஒரு பகுதியே என்பது புலனாயிற்று.

விசாரிக்க வேண்டியவை

முதலாவது, நேரம். ஓடும்போது நாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அசைவாகிறது. எஞ்சியது வெப்பமாகி உடலைச் சுடுகிறது. வியர்வை காய்ந்தால்தான் அவ்வெப்பம் தணியும். நம் கொழும்பிலோ வைகறையிற்கூடக் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலிருப்பது வழக்கம். வியர்வை சொட்டுமேயன்றிக் காயாது. ஆகவே பொழுது புலருமுன் தொடங்கும் ஓட்டத்தையே நாட வேண்டும். மாதங்களிலும் ஜனவரி, பெப்ருவரி ஆகியவை சித்திரையினும் மேலானவை.

இரண்டாவது, கால எல்லை. இத்தனை மணிக்குள் முடிக்காதவர் விலக வேண்டும் என்னும் விதி ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடும். 2024 ஒக்டோபரில் எத்தியோப்பியரான யோமிஃப் கெஜெல்ச்சா ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் 57 நிமிடம் 30 விநாடியில் அரை மரதனை ஓடி முடித்தார். நமக்கு அதைப்போல் மும்மடங்கு நேரம் பிடிக்கலாம். அதில் வெட்கமில்லை. ஆனால் நம்மை அவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் ஓட்டமாக அது இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரும் வசதியும். இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் இருக்கிறதா, வைத்திய உதவி உண்டா, வாகனங்களை நிறுத்திப் பாதையைத் தருகிறார்களா, பெண்களுக்குரிய கழிப்பிட வசதி உண்டா என்று சென்ற ஆண்டு ஓடியவரிடம் கேட்க வேண்டும். இவற்றை விளம்பரம் சொல்லாது, ஓடியவர் சொல்வார். தண்ணீர் கிடைக்கிறதென்பதற்காக அளவுமீறிக் குடிப்பதும் ஆபத்தே. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மயக்கம் வரும். தாகத்துக்குக் குடித்தலும், உப்புக் கலந்து குடித்தலும் நன்று.

நான்காவது, பாதை. மேடு பள்ளம் எவ்வளவு, தாரா மண்ணா, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறதா, வேறூரில் முடிகிறதா என்பன யாவும் நம் இன்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. வேறூரில் முடியுமாயின், வீடு திரும்பும் வழியையும் முன்னரே எண்ணிக்கொள்ள வேண்டும். களைத்த காலுடன் பஸ்ஸுக்கு நிற்பது இருபத்திரண்டாவது கிலோமீற்றர் ஆகும்!

சில ஓட்டங்கள்

கொழும்பு மரதன் நம் வாசலில் நடப்பது. பல ஆண்டுகளில் அதன் பாதை தலைநகரில் தொடங்கி நீர்கொழும்பில் முடிந்திருக்கிறது. சமதரை, பழகிய வெப்பநிலை, பயணச் செலவு சிறிது. முதன்முறை ஓடுவோருக்கு இவை பெரிய வசதிகள்.

கடல் கடந்து செல்ல இயன்றவருக்குச் சென்னை மரதன் உண்டு. ஜனவரியில், இருள் பிரியுமுன்னே தொடங்கிவிடும். திரளான கூட்டத்தின் நடுவே ஓடும் உற்சாகத்தை விரும்புவோருக்கு அது பொருந்தும். கூட்டத்தை வெறுப்போர் கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு அண்மையில், கால்வாய்க் கரையின் மண்பாதையில் நடைபெறும் காவேரிப் பாதை மரதனை நாடலாம். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் நீர் என்பதே அங்குள்ள காட்சி.

ஆயினும் இன்பம் என்னும் சொல்லுக்கு நான் கண்ட நல்ல உதாரணம் புதுச்சேரியை அடுத்த ஆரோவில் மரதனே. 2008இல் தொடங்கிய இவ்வோட்டம் பெப்ருவரி மாத ஞாயிற்றுக்கிழமையொன்றில் நடைபெறுகிறது. பரிசுப் பணம் இல்லை. முதலிடம், இரண்டாமிடம் என்ற அறிவிப்பும் இல்லை. ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே ஓட்டம் என்பது அவர்தம் கொள்கை. 1968ஆம் ஆண்டு ஆரோவில் நிறுவப்பட்டபோது அவ்விடம் மண்ணரித்த செம்மண் மேடு. அங்கு குடியேறியவர்கள் அயற்கிராமத்தவரோடு சேர்ந்து மரங்களை நட்டு வளர்த்தனர். இன்று ஓடுவோரின் தலைக்குமேல் நிழல் செய்வன அம்மரங்களே. யாரோ நட்ட நிழலில் யாரோ ஓடுகின்றனர்.

மட்டக்குளியின் வைகறை

எங்கே ஓடினாலும் பயிற்சி வீட்டு வாசலில்தான். மட்டக்குளியில் வாழ்வோருக்குக் களனி கங்கை கடலோடு கலக்கும் காட்சி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. காக்கைத்தீவுக் கடற்கரையில் வாரநாட்களில் சிறு ஓட்டம். ஞாயிறு வைகறையில் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை வழியாகக் காலிமுகத்திடல்வரை நெடிய ஓட்டம். பம்பலப்பிட்டிவரை சென்று திரும்பினால் அரை மரதனுக்கு அண்மையான தூரம் ஆகிவிடும். வெள்ளவத்தை வாசிகளுக்குக் கடலோர வீதி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நெடிய ஓட்டம். அதையும் சிறுகச் சிறுகவே கூட்டுதல். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பதறாத காரியம் சிதறாது. ஓடுமுன் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் போதும். நாற்பதைக் கடந்தவரும் நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையவரும் வைத்தியரைக் கலந்தாலோசித்த பின்னரே தொடங்க வேண்டும்.

இவ்வீதிகளில் நான் இளமையிலும் ஓட ஆசைப்பட்டதுண்டு. 1990களின் இறுதி அது. "தமிழ்ப் பிள்ளை இருட்டில் ஓடினால், ஏன் ஓடுகிறான் என்றல்லவா கேட்பார்கள்?" என்று அம்மா தடுப்பார். தேசிய அடையாள அட்டையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றாய் விடிந்த பிறகு புறப்படுவேன். சோதனைச் சாவடி கண்ணிற் பட்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடப்பேன். அதனைக் கடந்து நெடுந்தூரம் சென்ற பின்பே மீண்டும் ஓடத் துணிவேன். நாளடைவில் அவ்வாசையே அடங்கிவிட்டது. 2009இல் போர் முடிந்தது. இன்று என் பதினாறு வயது மகள் என்னுடன் வைகறையில் ஓடுகிறாள். ஒருநாள் அவள், "அப்பா, ஓட வரும்போதும் ஏன் அடையாள அட்டை?" என்று கேட்டாள். "வழியில் மயங்கி விழுந்தால் உதவும்" என்றேன். அது பாதி உண்மை. அவள் எந்த இடத்திலும் நடையாக மாறாமல், கொட்டாஞ்சேனைச் சந்தியைத் தாண்டி ஒரே சீராக ஓடிச் செல்வதைப் பின்னால் நின்று பார்க்கும்போது, ஓட்டத்தின் இன்பம் யாதென எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மாணவனுக்குச் சொன்ன விடை

மறுநாள் அம்மாணவனை அழைத்து இவ்வளவையும் கூறினேன். பல ஓட்டங்களில் வயதெல்லை 16 அல்லது 18 என்று விதித்திருப்பதால் அதனை முதலில் பார்க்கச் சொன்னேன். பின், "தம்பி, முதல் ஓட்டத்துக்குத் தூரதேசம் போகாதே. உன் தாயார் வந்து வீதியோரம் நிற்கக்கூடிய ஓட்டம் எதுவோ, அதற்குப் பெயர் கொடு" என்றேன்.

அவன் சிறிது யோசித்து, "அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, சேர்" என்றான்.

"அப்படியானால் நான் வந்து நிற்கிறேன். தேசிக்காய்த் தண்ணீரும் கொண்டு வருகிறேன்" என்றேன்.

சொன்ன சொல்லைக் காக்க வேண்டும். அன்று நான் ஓடப் போவதில்லை. பதினைந்தாவது கிலோமீற்றர் அருகே, கையில் ஒரு செம்புடன் நிற்பேன்.