எம்.ஏ. இதழியல்: நம் பிள்ளைகள் படிக்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டில்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் நண்பர் தம் மகளுடன் வீட்டுக்கு வந்திருந்தார். பெண் பி.ஏ. அரசியல் விஞ்ஞானம் கடைசி ஆண்டு படிக்கிறாள்.

"மாமா, எனக்கு ஜர்னலிசம் படிக்கணும். அப்பாதான் யோசிக்கறார். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள்.

நண்பரின் கவலை வேறு. "பாங்க் பரீட்சை எழுதலாம், சி.ஏ. படிக்கலாம். இதுக்குப் போய் இன்னும் ரெண்டு வருஷம், பணம். பத்திரிகைக்காரனுக்கு டிகிரி எதுக்கு சார்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. டாக்டராகவோ வக்கீலாகவோ தொழில் செய்யப் பட்டமும் பதிவும் கட்டாயம். பத்திரிகையாளருக்கு அப்படி எந்தச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. 2013இல் பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, பத்திரிகையாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்று சொல்லி, அதை ஆராய ஒரு குழுவும் அமைத்தார். பெரிய விவாதம் நடந்தது. சட்டம் எதுவும் வரவில்லை.

படிப்பு எப்படி வந்தது?

செய்தித்தாள் வேலையை அச்சகத்திலும் அலுவலகத்திலும் பழகித்தான் கற்க வேண்டும் என்று ஒரு காலத்தில் உலகம் முழுவதும் நினைத்தார்கள். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியலுக்கென்றே தனிப் பள்ளி தொடங்கியது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச் சென்ற நிதியால் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912இல் இன்னொரு பள்ளி வந்தது.

நம் நாட்டின் முதல் முயற்சி சென்னையில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அன்னிபெசன்ட் அம்மையார் 1920இல் அடையாறில் இதழியல் வகுப்பைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. 1941இல் லாகூர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.பி. சிங் தொடங்கிய துறைதான் முதலில் நிலைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் இதழியல் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

பட்டமா, டிப்ளமாவா?

பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். விளம்பரங்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உண்மையில் வேறு.

எம்.ஏ. என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம்; பெரும்பாலும் இரண்டு ஆண்டு. நான்கு ஆண்டு இளநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுகலை என்ற வழியும் புதிய கல்விக் கொள்கையில் உண்டு. முதுநிலை டிப்ளமா ஓராண்டுதான். செய்தி அறையில் வேலைக்குச் சேர டிப்ளமா போதும். நல்ல நிறுவனத்தின் டிப்ளமாவுக்குப் பத்திரிகைகளில் மதிப்பு அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராக விரும்பினால், அதற்கான 'நெட்' தேர்வு எழுத முதுகலைப் பட்டம் தேவை. பொதுப்பிரிவினர் 55 சதவிகித மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். டிப்ளமாவைக் காட்டி அங்கே நுழைய முடியாது. சேரும்போதே இதை யோசித்துவிடுவது நல்லது.

எங்கே படிக்கலாம்?

டில்லியில் ஜே.என்.யு. பக்கத்தில் இருக்கும் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் (ஐ.ஐ.எம்.சி.) 1965இல் தொடங்கியது. வெகுகாலம் டிப்ளமா மட்டுமே தந்தது. 2024 ஜனவரியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதால் முதுகலைப் பட்டமும் தரத் தொடங்கியுள்ளது. ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் ஏ.ஜே.கே. மக்கள் தொடர்பு ஆய்வு மையம் 1982 முதல் நடக்கிறது. அங்கே எம்.ஏ. உண்டு, எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டும் வைப்பார்கள், போட்டி கடுமை.

ஊர்ப்பக்கம் அனுப்ப நினைப்பவர்களுக்கு சென்னைப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. பின்னிரண்டும் மத்திய அரசுடையவை என்பதால், சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வை டில்லியில் இருந்தபடியே எழுதலாம். சென்னை தரமணியில் உள்ள ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 1994இல் பெங்களூரில் தொடங்கி 2000இல் சென்னைக்கு வந்தது. அங்கே கிடைப்பது ஓராண்டு டிப்ளமா. பயிற்று மொழி ஆங்கிலம்.

எங்கே சேர்ந்தாலும் சில கேள்விகளை நேரில் போய்க் கேளுங்கள். மாணவர்களே நடத்தும் பயிற்சிப் பத்திரிகை இருக்கிறதா? ஆசிரியர்களில் செய்தி அறையில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவதூறுச் சட்டம், நீதிமன்ற அவமதிப்பு, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றைச் சொல்லித் தருகிறார்களா? சென்ற ஆண்டு முடித்த இரண்டு மாணவர்களோடு பேச முடியுமா? கட்டடத்தையும் காமிராவையும் மட்டும் காட்டினால் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். நண்பர் கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சட்டம் தெரியாமலும் சரிபார்க்காமலும் எழுதினால் என்ன ஆகும் என்பதை வேலையில் தவறு செய்து கற்பதைவிட வகுப்பில் கற்பது மேல்.

நம் கையில் இருப்பது

இந்த விவரங்களையெல்லாம் சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த தமிழ் நாளிதழை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். "வீட்ல தமிழ்லதான் பேசறோம் மாமா. படிக்க வராது" என்றாள். நண்பர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐ.ஐ.எம்.சி.யில் ஆங்கிலம், இந்தி தவிர உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளிலும் இதழியல் டிப்ளமா வகுப்புகள் நடத்தியிருக்கிறார்கள். தமிழுக்கு அங்கே அப்படியொரு வகுப்பு அமையவில்லை. ஆகவே தலைநகரில் வளரும் நம் பிள்ளைக்கு இதழியலைக் கல்லூரி சொல்லித் தரும். தமிழை வீடுதான் சொல்லித் தர வேண்டும்.

இது வெறும் மொழிப்பற்று அல்ல, பிழைப்பும்கூட. டில்லியில் நடப்பதைத் தமிழ்நாட்டுக்குச் சொல்ல இந்தியும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஆள் தேவை. டில்லியிலிருந்து ஆகாசவாணியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமி 2022இல் மறைந்தபோது எத்தனை வீடுகளில் அவர் குரலை நினைத்துப் பேசினார்கள்! அதற்கும் முன்னால் பாரதியார் இருக்கிறார். காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்து இந்தியும் வடமொழியும் கற்றுத் திரும்பியவர், 1904இல் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவதுதான் அங்கே அவருக்குப் பெரும்பகுதி வேலை. வெளியூரில் வளர்ந்ததும் பல மொழி பழகியதும் குறையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நண்பர் கடைசியில் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு: நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் நாட்களிலும் தினம் ஒரு செய்தியைத் தமிழில் படித்து, ஐந்து வரி எழுதிக் காட்ட வேண்டும். "நீங்களும் திருத்தித் தரணும் சார்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

முதல் வாரத் தாள் வந்துவிட்டது. ஐந்து வரியில் ஒன்பது பிழை. ஆனால் செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். யார், எங்கே, எப்போது என்பது மூன்றும் முதல் வரியிலேயே இருந்தன. ஒற்றுப் பிழையைத் திருத்திவிடலாம். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், விண்ணப்பப் படிவம் வாங்கும் அன்றே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கும் சொல்லி வையுங்கள்.