அளவெடுத்துச் செய்யும் கபோர்டு யாருக்குத் தேவை?

வீட்டைப் புதுப்பிக்கும்போது அதிகம் யோசிக்க வைப்பது சமையலறைக் கபோர்டுதான். ஷோரூமில் இருக்கும் ரெடிமேட் மாடுலர் பெட்டிகளை வாங்கிப் பொருத்துவதா, நம் இடத்துக்கென்றே அளவெடுத்துச் செய்வதா? பலர் கொட்டேஷனை வைத்து முடிவெடுக்கிறார்கள். சுவரையும் பாத்திரங்களையும் முதலில் பாருங்கள் என்பேன்.

புது அபார்ட்மென்டில் ரெடிமேட் பெட்டிகள் பெரும்பாலும் பொருந்திவிடும். பழைய வீடு அப்படியில்லை. மூலைகள் கோணலாக இருக்கும், தூண் துருத்தி நிற்கும். 45, 60 செ.மீ. அகலப் பெட்டிகளை வரிசையாக வைத்தால் ஓரத்தில் ஒரு சாண் மிஞ்சும். அதைப் பட்டை அடித்து மூடிவிடுவார்கள், கரப்பான்பூச்சி குடியேறும். இங்கே அளவெடுத்துச் செய்வதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

அடுத்தது நம் சாமான்கள். கிரைண்டர், இட்லிக் குண்டான், அரிசி டிரம் எல்லாம் எங்கே போகும்? தூக்கி இறக்க முடியாத கிரைண்டருக்கு இழுத்து வெளியே எடுக்கும் தட்டு வேண்டும். சிலிண்டரைக் கபோர்டுக்குள் வைப்பதாக இருந்தால், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். மேடையின் உயரமும் சமைப்பவருக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். முழங்கைக்கு அரைச் சாண் கீழே இருந்தால் தோள் வலிக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், சில வருடங்களில் வீடு மாறப்போகிறவர்களுக்கும் இந்தச் செலவு வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கபோர்டின் உள்பெட்டி உறுதியாக இருந்தால் கதவையும் கீலையும் மட்டும் மாற்றினாலே போதும். அது உறுதியா என்று அறிய ஸிங்க்குக்குக் கீழே உள்ள பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று அமுங்கினாலோ, ஓரம் உப்பியிருந்தாலோ தண்ணீர் இறங்கிவிட்டது. பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதிப்போனால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த இடத்துக்கு ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 தர பிளைவுட்டையே கேளுங்கள்.

ஆசாரி வீட்டிலேயே செய்வதா, பட்டறையில் செய்து கொண்டுவருவதா என்றால் என் ஓட்டு பட்டறைக்கு. கையால் ஒட்டும் ஓரப்பட்டை நம் சமையலறைச் சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் பெயர்ந்துவிடும், மெஷினில் ஒட்டியது நிற்கும். அளவு நம்முடையதாக இருக்கட்டும், வெட்டுவது மெஷினாக இருக்கட்டும்.

பலகையின் தரம், 18 மி.மீ. கனம், கீல், டிராயர் சேனல் எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மைக்கா ஒட்டுவதற்கு முன்பே பலகையிலுள்ள முத்திரையைப் பார்த்துவிடுங்கள். டைல்ஸும் பூச்சும் சேர்ந்து பக்கத்துக்கு 2, 3 செ.மீ. தின்றுவிடும், அந்த வேலை முடிந்த பிறகே கடைசி அளவை எடுக்கச் சொல்லுங்கள்.